யாரும் தூக்கிப் பாராத சைக்கிள்

முதலில் நான் கண்டது உன் இடது சப்பாத்தின் நுனியைத்தான், தங்கச்சி. பள்ளிக்கூடத் தவணை முடிந்த சனிக்கிழமை, கிணற்றடியில் உன் வெள்ளைச் சப்பாத்துகளைக் கழுவ எடுத்தேன். வலது சப்பாத்து வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது. இடதில் மட்டும் நுனித் துணி கிழிந்து, கீழே றப்பர் தேய்ந்து, என் சுண்டுவிரல் போகுமளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஒரு காலால் மட்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உலகத்தில் இல்லை. சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். சைக்கிளை நிறுத்தும்போது உன் கால்கள் நிலத்துக்கு எட்டுவதில்லை. சீற்றிலிருந்து இடப்பக்கம் சரிந்து, கால் நுனியை ரோட்டில் இழுத்து இழுத்துத்தான் நிற்கிறாய். இதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ ஓடுவது என் பழைய சைக்கிள். என் இடது சப்பாத்துகளும் அதே இடத்தில்தான் தேய்ந்தன.

இப்படியான கடிதங்களைத் தாய் தகப்பன்மார்தான் எழுதுவார்கள். மகளுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது, மகன் விமானம் ஏறப்போகிறான், தங்களுக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது என்றதும் பேனாவைத் தேடுவார்கள். எனக்குப் பதினேழு வயது, உனக்குப் பதினொன்று. ஆனால் உன் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவள் நான். பின்வரிசைக் கதிரையில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, வரவுத் தாளில் ‘பெற்றோர்’ என்ற இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவளும் நான்தான். அம்மா செத்து மூன்று வருடமாகிறது. அப்பா அந்த நேரத்தில் கடலில் இருப்பார், இல்லையென்றால் கடலுக்குப் போய்வந்த களைப்பில் நித்திரையாக இருப்பார். ஆகவே இதை எழுதும் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன். நீ வளர்ந்து பெரிய ஆளான பிறகு வாசி. அதற்கு முதல் மற்றவர்களும் வாசிக்கலாம், முக்கியமாகப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகும் தகப்பன்மாரும் மாமன்மாரும். அவர்கள் வாசிக்கமாட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

சப்பாத்தை அப்பாவிடம் காட்டினேன். காட்டினேன் என்றுதான் எழுதுகிறேன், சொன்னேன் என்று எழுதவில்லை. நான் எதையும் சொல்வதில்லை, காட்டுவதோடு சரி. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உவள் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். பொம்பிளைப் பிள்ளை காலைத் தூக்கி வைச்சு நடக்கோணும்” என்றார். அடுத்த நாள் அச்சுவேலிச் சந்தையிலிருந்து உனக்குப் புதுச் சப்பாத்து வந்தது, இரண்டு அளவு பெரிதாக. “வளருற பிள்ளை தானே.” பெரிய சைக்கிளால் வந்த வருத்தத்துக்குப் பெரிய சப்பாத்து மருந்து. நுனிக்குள் பழைய துணியை அடைத்து உனக்குப் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் உன் சட்டை, உன் புத்தகப் பை, உன் மழை அங்கி எல்லாமே இனிமேல் வரப்போகும் ஒரு பெரிய பெண்ணுக்காக வாங்கப்பட்டவை. இப்போது இருக்கிற சின்னப் பெண்ணுக்கென்று யாரும் எதையும் வாங்கியதில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஏன் என்று நீ பலர் சொல்லக் கேட்டிருப்பாய். “தாய் இல்லாத வீடு, மூத்தவள் பொறுப்பை எடுத்திட்டாள்.” அதிபரும் அப்படித்தான் சொன்னார், அயலும் அப்படித்தான் சொல்கிறது. கோயிலில் கண்டால் தலையைத் தடவிவிட்டுப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் முட்டாள்கள். அவர்கள் சொல்வதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த நான் அவர்களிலும் மோசம். உண்மையை உனக்கு மட்டும், இந்தக் கடிதத்தை வாசிக்கிற எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஒரு சைக்கிளால்.

எங்கள் கரையிலிருந்து அச்சுவேலிப் பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீற்றர். முதல் ஒரு கிலோமீற்றர் மணல் ஒழுங்கை, பிறகு தார் ரோட்டு. பஸ் இருக்கத்தான் இருக்கிறது. சீசன் ரிக்கற்றோடு நிற்கும் வெள்ளைச் சட்டைகளைத் தூரத்தில் கண்டதும் அதற்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். உன் வயதில் அப்பா எனக்கு வாங்கித் தந்தது ஆம்பிளைச் சைக்கிள், நடுவில் உயரமான பார். பிறகு மீன்பெட்டி கட்டவும் உதவுமாம். பாவாடையோடு அந்தப் பாரைத் தாண்டி ஏற ஒரு மதில் வேண்டும், இறங்க இன்னொரு மதில் வேண்டும். ஒருநாள் அச்சுவேலிச் சந்தியில் லொறி குறுக்கே வர, பிறேக் பிடித்தேன். கால் எட்டவில்லை. சைக்கிளோடு சரிந்து, ரோட்டோரம் ஒரு மனிசி அடுக்கி வைத்திருந்த வெங்காயப் பிடிகளுக்கு மேல் விழுந்தேன். அவள் திட்டியது எனக்கு நோகவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்ற பெடியன்கள் நாலு பேர். “தங்கச்சி, இறங்க ஏணி கொண்டுவரட்டோ?” அன்றைக்கு மட்டும் என்றால் மறந்திருப்பேன். ஒவ்வொரு காலையும் அதே இடத்தில், அதே ஏணி. அந்த ஒரு பகிடியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் சிரித்தார்கள்.

நான் பின் ஒழுங்கைகளால் சுற்றிப் போகத் தொடங்கினேன். பிந்தினேன். பிந்திய பிள்ளைகளைக் கேற்றடியில் நிறுத்தி வைப்பார்கள். ஏன் பிந்தி வந்தாய் என்று ரீச்சர் கேட்டபோது, அம்மா செத்த பிறகு எனக்கு ஒரு நல்ல பொய் கையில் இருந்தது. “வீட்டிலை வேலை, ரீச்சர்.” அவருடைய முகம் அப்படியே இளகிப்போனது. பிறகு பிந்தாமல் இருக்க ஒரே வழி போகாமல் இருப்பது என்று கண்டுபிடித்தேன். பத்தாம் வகுப்பின் நடுவில் முழுதாக நின்றேன். பொறுப்பான பிள்ளை என்று என்னைப் புகழ்ந்த அத்தனை பேரில் ஒருவராவது நான் ஓடிவந்த சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு வருடங்களில் ‘அப்பா, இது எனக்குப் பெரிசு’ என்ற நாலு சொல்லை என் வாயிலிருந்து எடுக்க எனக்கும் முடியவில்லை. இப்போது காலையில் கரையில் இருக்கும் மீன் கொட்டிலுக்கு, அந்த வாடிக்குப் போய், வள்ளங்கள் கொண்டுவரும் மீனைத் தரம் பிரித்துக் கொடுக்கிறேன். மீன்களோடு கதைக்கத் தேவையில்லை.

போன தவணையின் கடைசி வாரம் இரண்டு தரம் உனக்குத் தலையிடித்தது. இரண்டும் காலையில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம் தாண்டி எட்டு மணியான பிறகு இடிக்கவில்லை. அந்தத் தலையிடியும் என்னுடையதுதான்.

விடுமுறைக்குள் கனடாவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஆனால் அம்மாவின் கூச்சத்தில் ஒரு சொட்டும் அவரிடம் போகவில்லை. வந்து இறங்கிய அன்றே கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும், நுளம்பைப் பற்றியும், நாங்கள் சோறு தின்னும் அளவைப் பற்றியும் எங்களுக்குப் படிப்பித்தார். நீ பெரிய சைக்கிளோடு மணலில் சறுக்கி வருவதைக் கண்டவர், ஒரு நல்ல காரியம் செய்ய முடிவெடுத்தார். அவருடைய மனம் கெட்டது என்று நான் எழுதமாட்டேன். நல்ல மனம். அதை வைத்துக்கொண்டு அவர் பிறகு செய்ததைத்தான் நீ பார்த்தாயே. வாடகைக்குப் பிடித்த வானில் எங்கள் மூன்று பேரையும் ஏற்றி அச்சுவேலிச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார். வழி முழுவதும், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு லைட் வெயிட் மவுண்டன் பைக்தான் வாங்குவது, பிள்ளையின் நாரி முதுகு கெடாது, வளர்ச்சி கெடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கடைக்குள் காலை வைத்ததும் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

“பிள்ளைக்கு என்ன வயசு, சேர்?” என்றார் கடைக்காரர்.

“பதினொண்டு. லைட் வெயிட் மவுண்டன் பைக் வேணும். நான் நெற்றிலை எல்லாம் பாத்திட்டுத்தான் வந்தனான்.”

“சேர் விசயம் தெரிஞ்ச ஆள். எங்கடை சனத்துக்கு உது விளங்காது.”

நீ பக்கத்தில்தான் நின்றாய். வயதை அவரிடம் கேட்டார்கள். உயரத்தை உன்னிடமே பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. கிளிப் பச்சை நிறத்தில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னுக்கு இரண்டு ஸ்பிரிங், சீற்றுக்குக் கீழே இன்னுமொரு பெரிய ஸ்பிரிங், இருபத்தொரு கியர். “மாமா, இஞ்சை மலை இல்லையே?” என்று நீ கேட்டாய். அந்தக் கடையில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே புத்தியான கேள்வி. “அது மொடலின்ரை பேர், பிள்ளை” என்று சிரித்தார்கள். மலை இல்லாவிட்டாலும் அந்த வகைச் சைக்கிளின் அகலமான ரயர் எங்கள் மணலுக்கு நல்லது. அதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரருக்கு அது தெரியாது, மாமாவுக்கு மணல் மறந்துபோயிற்று.

“லைட் வெயிட் தானே?”

“தூசு மாதிரி, சேர். தள்ளிப் பாருங்கோவன்.”

மாமா ஒரு விரலை சீற்றில் வைத்துத் தள்ளினார். சைக்கிள் போனது. “பாத்தீங்களோ அத்தான், ஒரு விரலாலை போகுது!” சில்லு உள்ள எதுவும் ஒரு விரலால் போகும். வள்ளங்களின் சொந்தக்காரர் சம்மாட்டியாரின் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினும் இறக்கத்தில் அப்படித்தான் போகும். ஒருவராவது அதை நிலத்திலிருந்து ஒரு சாண் தூக்கிப் பார்த்திருக்கலாம். மூன்று ஆம்பிளைகள், ஆறு கைகள்.

அப்பா சும்மா நின்றிருக்கலாம். அவர் கேட்டார்: “உதிலை இன்னும் கொஞ்சம் பெரிசு இல்லையே?”

“இதே காணும் ஐயா. இதை எடுத்தா ஓ-லெவல் மட்டும் ஓடலாம்.”

பதினாறு வயதில் எடுக்கும் அந்த ஓ-லெவல் சோதனை வரைக்கும் நீ எதில் ஓடுவது என்று அவர்கள் யோசிக்கவில்லை. பிறகு தொடங்கியது அலங்காரம். காரியர் இல்லாமல் ஒரு சைக்கிளா என்று அப்பாவுக்கு ஆச்சரியம். இரும்புக் காரியர் பூட்டினார்கள். இரட்டைக் கால் ஸ்ராண்ட், மட்காட், செயின் கவர், முன்னுக்குக் கூடை, மணி. எங்கள் ஊரில் ஒரு சைக்கிளுக்கு நகை போடாமல் கடையை விட்டு அனுப்பமாட்டார்கள். லைட் வெயிட் தேடிப்போன மனிதர், ஒவ்வொரு இரும்பும் ஏற ஏற, “அதையும் பூட்டுங்கோ, காசு பறவாயில்லை” என்று சொல்லிக்கொண்டு நின்றார். உன்னைத் தூக்கி மேலே இருத்தி, அப்பா பின்னால் பிடிக்க, படம் எடுத்தார். அந்தப் பின்னேரத்துக்குள் அது நாலு நாட்டுச் சொந்தக்காரருக்குப் போய்விட்டது. படத்தில் உன் கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. நாற்பது பேர் பார்த்தார்கள், நாற்பது பேரும் போனில் பூப்படம் போட்டார்கள்.

மணல் ஒழுங்கையில் அந்தப் பச்சைச் சைக்கிள் என்ன செய்தது என்று உனக்கு நினைவிருக்கும். இரண்டு நாளும் நீ அதை ஓடவில்லை, இழுத்தாய். விழுந்தால் உன்னால் நிமிர்த்த முடியவில்லை. மூன்றாம் நாள் அதை வாடிக்கு உருட்டிக்கொண்டு போனோம். மீன் நிறுக்கிற கொழுக்கித் தராசு அங்கே கூரை வளையில் தொங்குகிறது. தராசு பிடிக்கிற அக்காவுக்கு வாய் ஓயாது.

“இதென்னடி, எந்தக் கடலிலை பட்டது? பச்சைப் பாரை மீனை நான் இண்டைக்குத்தான் காணுறன்!”

நானும் அவளும் சேர்ந்து தூக்கித்தான் கொழுக்கியில் மாட்டினோம். பத்தொன்பது கிலோவும் கொஞ்சமும். “ஆருக்கு ஏலம் கூறட்டும்?” என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். பிறகு உன்னைக் கண்டாள். “வாடி குஞ்சு, உன்னையும் கொழுவிப் பாப்பம்.” நீ கொழுக்கியைப் பிடித்துக் கால்களை மடக்கித் தொங்கினாய், சிரித்துக்கொண்டுதான் தொங்கினாய். முப்பது கிலோ. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இதையோடி இவள் ஓடப்போறாள்? இது எல்லோ இவளை ஓட்டும்!”

படிக்காத ஒரு மனிசி, ஒரு தராசு, இரண்டு நிமிடம். கனடாவில் இருந்து வந்து நெற்றில் பார்க்கத் தேவைப்படவில்லை.

இனி நான் எழுதுவது என்னைப் பற்றி. அன்று பின்னேரம் அப்பா முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் மூன்று தரம் அவருக்கு முன்னால் போனேன். “என்ன மோனை?” “ஒண்டுமில்லை.” மூன்று தரமும் அதேதான். நீ வந்தாய். பதினொரு வயதில், நேராகப் போய், “அப்பா, இந்தச் சைக்கிள் எனக்குப் பெரிசு. பாரமாயும் கிடக்கு” என்றாய். நான்கு வருடம் எனக்கு வராத சொற்களை நீ ஒரு மூச்சில் சொன்னாய். அப்பா நிமிரவில்லை. “மாமா ஆசையா வாங்கித் தந்தது. வளர வளரச் சரியாயிடும். கொக்காவைக் கேள், அவளும் அப்பிடித்தானே பழகினவள்.”

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சொன்னேன்: “ஓம். பழகினால் சரி.”

நான் இதுவரை திட்டிய எல்லோரையும் சேர்த்தாலும் அந்த மூன்று சொல்லைச் சொன்னவளுக்கு ஈடாகாது. அப்பாவுக்கு அந்தச் சைக்கிள் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது, கடைக்காரருக்கு அக்கறை இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன், முற்றத்தில் ஒரு சண்டை வரக்கூடாது என்பதற்காக. பிள்ளை வளர்க்கிறவர்கள் செய்கிற பிழைகளில் இதுதான் ஆகக் கேவலமானது என்று நினைக்கிறேன். நீ பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை மீன் பிரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தினாய். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. “அக்கா, நானும் உன்னை மாதிரி வாடியிலை நிக்கட்டோ? எனக்கு மீன் பிரிக்கத் தெரியும்” என்றாய்.

உன்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையிலிருந்த, வலை பின்னும் தங்கூசி நூலின் ஒரு முனையை உன் குதிக்காலில் மிதித்து, மறுமுனையை உன் கவட்டு வரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். உன் கை விரல் நீளத்துக்கு இன்னொரு முடிச்சு. நீ ஏன் என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. சொன்னால் பிறகு செய்யவேண்டும்.

அடுத்த நாள், அப்பா கடலில் இருக்கும்போது, பச்சைச் சைக்கிளை நானே ஓடிக்கொண்டு அச்சுவேலிக்குப் போனேன். எனக்கு அது அளவு. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அளவான சைக்கிள் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று வழி முழுவதும் யோசித்தேன். கடைக்காரரிடம் பில்லை நீட்டி, “அண்ணை, இதை மாத்தோணும்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

“ஆர் வாங்கினது? அந்தக் கனடாச் சேரோ? அவரை வரச் சொல்லும். நீர் வந்து கேட்டு மாத்த ஏலாது தங்கச்சி.”

நான் திரும்பிப் போகவில்லை. வாசலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சும்மா நின்றேன். கூச்சக்காரியால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பேன். வருகிறவர்கள் எல்லாம் “என்ன பிள்ளை, ஏன் நிக்கிறீர்?” என்று கேட்க, கடைக்காரரின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு ஒரு தகப்பன் வந்தார், பக்கத்தில் ஒன்பது பத்து வயது மகள். இன்னொரு பச்சைச் சைக்கிள் உள்ளேயிருந்து உருண்டு வந்தது. “தூசு மாதிரி, தள்ளிப் பாருங்கோ.” அந்த மனிதர் விரலை நீட்டினார்.

“தூக்கிப் பாருங்கோ” என்றேன்.

என் குரல்தான். நானே திரும்பிப் பார்த்தேன். அந்தத் தகப்பனும் திரும்பினார், பிறகு குனிந்து தூக்கினார். முழங்கால் வரை தூக்கிவிட்டு, டக்கென்று கீழே வைத்தார். “இதென்ன, நங்கூரமோ?” மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைக்காரர் என்னிடம் வந்தார்.

“உமக்கு என்ன வேணும்? சொல்லும். எடுத்துக்கொண்டு போம். கடை வாசலிலை மட்டும் நிக்காதையும்.”

உள்ளே போனேன். நீ ஒருநாள் உன் பிள்ளைக்கு வாங்கப் போகும்போது, நான் செய்ததையே செய். நிறத்தைப் பார்க்காதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, முடியாவிட்டால் நூலைக் கொண்டுபோ. நடுப் பார் அந்த முடிச்சுக்குக் கீழே இருக்கவேண்டும், இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதியவேண்டும். ஸ்பிரிங் உள்ள எதையும் தொடாதே, அது இரும்பை விற்கும் ஒரு தந்திரம். பிறேக் பிடி பிள்ளையின் விரலுக்கு எட்டுகிறதா என்று பார். பிறகு, யார் சிரித்தாலும் சரி, ஒரு கையால் தூக்கு. நான் பதினாறு சைக்கிள் தூக்கினேன். கடைசி மூலையில், காற்றுப் போன ரயர்களோடு, சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. அலுமினியம், இருபத்துநாலு அங்குலச் சில்லு, ஸ்பிரிங் இல்லை, ஏழே ஏழு கியர், அகல ரயர். அதைத் தூக்கியபோது, இன்னும் பாரமாக இருக்குமென்று நினைத்திருந்த என் கை தோளுக்கு மேலே போய்விட்டது. யாரும் அதை வாங்கவில்லையாம், பார்வைக்கு வடிவில்லையாம்.

“காரியர்?”

“வேண்டாம்.”

“ஸ்ராண்ட்?”

“வேண்டாம்.”

“மட்காட், கூடை ஒண்டும்?”

“வேண்டாம்.”

“உடுப்பில்லாமல் பிள்ளையை ரோட்டிலை விட்டமாதிரிக் கிடக்கு” என்றார் கடைக்காரர். விலையில் வந்த வித்தியாசத்துக்கு ஒரு காற்றடிக்கும் பம்பும் ரியூப்புகளும் வாங்கி, ரயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டேன். முழங்கால் ஹாண்டிலில் இடிக்க இடிக்க அதை ஓடிக்கொண்டு வந்தேன். சந்தியில் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை.

நீ அதில் ஏறியதை எழுதத் தேவையில்லை. மணல் ஒழுங்கையின் முடிவு வரை போய், தார் ரோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்று, “அக்கா, நிக்குது!” என்றாய். கடலிலிருந்து வந்த அப்பா பார்த்தார். “உது என்ன, கழுதைக்குட்டியோ? இரண்டு வருசத்திலை சின்னனாப் போயிடுமே.” போகட்டும். இரண்டு வருடம் அளவாக இருந்துவிட்டுச் சின்னதாகப் போகிற சைக்கிள், நான்கு வருடம் பெரிதாகவே இருந்து உன்னை வீட்டில் இருத்துகிற சைக்கிளைவிட மேல். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். மாமாவுக்கு என்ன மறுமொழி சொல்லப்போகிறாய் என்று மட்டும் என்னிடம் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமா பயணம் சொல்ல வந்தார். வெள்ளைக் காற்சட்டை போட்டு, முற்றத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் சாய்ந்திருந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போனை எடுத்தார்.

“எங்கை சைக்கிள்? பிள்ளை ஓடுறதை ஒரு வீடியோ எடுப்பம்.”

நீ சாம்பல் சைக்கிளை உருட்டி வந்து சுவரில் சாய்த்தாய். மாமா அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

“இதென்ன அத்தான் பழைய இரும்பு? நான் வாங்கித் தந்தது எங்கை?”

“மூத்தவள் மாத்திப்போட்டாள்” என்றார் அப்பா.

“ஆரைக் கேட்டு? நான் படிச்சுப் பாத்து, லைட் வெயிட் எண்டு கேட்டு வாங்கினது. உவளுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடமும் முடிக்கேல்லை. நாளைக்கு நான் கடைக்காரனுக்கு ஒரு கோல் எடுத்தா, அதைத் திருப்பிக் கொண்டந்து தருவான். என்ன பிள்ளை, பச்சை தானே உமக்கும் விருப்பம்?”

கேட்டது உன்னை. நான் வாயைத் திறந்தேன். கடையில் வந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை. நீ என்னைப் பார்த்தாய், முற்றத்தில் நான் ஓம் சொன்ன அன்று பார்த்த அதே பார்வை. பிறகு தலையைக் குனிந்து, “பறவாயில்லை மாமா, நான் அதையே…” என்று தொடங்கினாய்.

நான் சுவரடிக்குப் போய், சைக்கிளை ஒரு கையால் தூக்கி வந்து, மாமாவின் மடியில் வைத்தேன்.